கட்டுப்படியாகிற வாடகை

சங்கரன்கோவிலில் ஜெசிந்தா டீச்சரிடம் கேள்வி கேட்கிறவர்கள் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசித்துவிட்டுத்தான் கேட்பார்கள். டீச்சருக்குப் பதில் தெரியாது என்பதால் இல்லை. பதிலைச் சொல்லாமல் ஏதாவது வேலை வைத்துவிடுவார் என்பதால்.

டீச்சருக்கு வயது முப்பத்திரண்டு. வாரத்தில் ஐந்து நாள் மாடி அறையில் உட்கார்ந்து ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் சர்வர்களைக் கட்டி மேய்ப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊர்க்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பார். ஃபீஸ் கிடையாது என்றதும் முதல் வாரம் நாற்பது பேர் வந்தார்கள். வேலை வைக்கிற வழக்கம் தெரிந்த பிறகு ஏழு பேர் மிஞ்சினார்கள்.

அந்த ஏழில் மூத்தவர் கோமதிநாயகம். வயது ஐம்பத்தொன்று. தேரடிப் பக்கம் இருக்கிற கோமதி பாத்திர வாடகை நிலையம் அவருடையது. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் அண்டாவும் சருவமும் கரண்டியும் அங்கிருந்துதான் போகும். பத்து ரூபாய் மிச்சமாகும் என்றால் பத்துத் தெரு சுற்றிப் போகிற மனிதர். அதைச் சொன்னால் கோபப்படமாட்டார், பெருமைப்படுவார்.

அப்படிப்பட்டவர் கடையை விட்டுவிட்டு இந்த வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆவணி முகூர்த்தம். கடையில் இருந்த ஒரே பெரிய அண்டாவை இரண்டு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். முந்தின நாள்தான் கவனித்தார். வெள்ளத்துரை கடையில் ஓர் அண்டா சும்மா கிடந்தது. வாடகை முந்நூறு ரூபாய். முந்நூறு எதற்குத் தண்டம், முதல் வீட்டில் சோறு வடித்ததும் அண்டாவைக் கழுவி ஆட்டோவில் ஏற்றி இரண்டாவது வீட்டில் இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

முதல் வீட்டில் அடுப்புப் பற்றவே நேரமாகிவிட்டது. இரண்டாவது வீட்டில் இலை போட்டு, பொரியல் வைத்து, பந்தியும் உட்கார்ந்துவிட்டது. சோறு இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

பெண்ணின் தகப்பனார் பெயர் செல்லையா. குருக்கள்பட்டிக்காரர். கோமதிநாயகம் அண்டாவோடு போய் இறங்கியபோது அவர் கொட்டகைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட ஒரு வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். அன்றோடு பேச்சு நின்றது. இப்போதும் எதிரே கண்டால் சைக்கிளை அடுத்த தெருவுக்குத் திருப்பிக்கொள்வார்.

"நாலு வார்த்தை வஞ்சிருந்தா மறந்திருப்பேன்" என்று கோமதிநாயகம் சொல்வார். அந்தப் பார்வை எட்டு வருஷமாக அவரை உறுத்தியது. அதனால்தான் இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் மாடிப்படி ஏறி, ஓர் ஆப் எழுதி முடித்தார். தாலுகாவில் உள்ள பதினாலு பாத்திரக் கடைகளின் பெரிய அண்டாக்களும் அதில் இருக்கும். ஓர் அண்டாவை ஒரு தேதிக்கு ஒருவர் கேட்டு வாங்கிவிட்டால் அதே தேதிக்கு அது வேறு யார் கண்ணிலும் படாது.

பாத்திரக்காரர் சங்கத்தின் செயலாளர் வெள்ளத்துரை. முந்நூறு ரூபாய் அண்டாவின் சொந்தக்காரர். அவர் ஆப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவை பாப்போம், நாயகம். சித்திரை ஒண்ணாந் தேதி. அன்னைக்கு ஓடலைன்னா பழையபடி நோட்டுல எழுதுததுதான். பெறகு இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

சித்திரை ஒன்றாம் தேதி கோயிலில் புதுப் பஞ்சாங்கம் வாசிப்பார்கள். வருஷத்து முகூர்த்தம் எல்லாம் அன்று காதில் விழுந்துவிடும். வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிற அத்தனை பேரும் கோயிலை விட்டு இறங்கியதும் முதல் வேலையாகப் பாத்திரத்துக்குச் சொல்லிவைப்பார்கள். வருஷம் பூராவும் ஆடி அசைந்து நடக்கிற வியாபாரம் அந்த ஒரு காலையில் மட்டும் அடிதடியாக நடக்கும்.

அதற்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. ஆப் தயார். அதைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்பதுதான் பாக்கி. அடுத்த ஞாயிறு கோமதிநாயகம் டீச்சரிடம் கேட்டார்.

"டீச்சர், நல்ல ஹோஸ்டிங்கா ஒண்ணு சொல்லுங்க. கட்டுபடியாகணும்."

"எது கட்டுபடியாகும்?"

"எது கம்மியோ அது."



"சரி, பாருங்க" என்றார் டீச்சர்.

கோமதிநாயகம் ஒரு வாரம் இணையத்தைச் சல்லடை போட்டுச் சலித்தார். ஆப் என்பது வாடிக்கையாளரிடம் பேசுகிற ஆள். டேட்டாபேஸ் என்பது அந்த ஆள் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்கிற நோட்டு. ஆளுக்கும் இடம் வேண்டும், நோட்டுக்கும் இடம் வேண்டும். ஆளை உட்காரவைக்க அமெரிக்காவில் மலிவாக ஒரு மூலை கிடைத்தது. நோட்டை வைக்க ஜெர்மனியில் அதைவிட மலிவாக ஒன்று கிடைத்தது. இரண்டையும் பிடித்தார். வீட்டில் காட்டியபோது பக்கம் திறக்க இருபது விநாடி ஆனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சரிடம் போனார்.

"டீச்சர், ஒண்ணொண்ணும் நல்லாத்தான் இருக்கு. சேத்து வச்சா நொண்டுது. ஏன்னு தெரியல."

"சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?"

"இன்னும் இல்ல."

"உக்காருங்க."

தட்டில் ஆவி பறக்கச் சோறு வந்தது. கோமதிநாயகம் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். வேறெதுவும் வரவில்லை.

"குழம்பு?"

"கத்திரிக்கா புளிக்குழம்பு. எங்க அத்தை வீட்ல இருக்கு. தெருக் கடைசி, பச்சைக் கேட்டு. ஒரு வாய்க்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு வாங்கிட்டு வாங்க."

"ஒரு வாய்க்கா?"

"ஒரு வாய்க்கு."

குரு சொன்னால் மறுபேச்சு இல்லை. போனார். அத்தை ஒரு கிண்ணத்தில் கரண்டி நுனியால் இரண்டு சொட்டு விட்டாள். பங்குனி வெயிலில் திரும்பி வந்து, பிசைந்து, ஒரு வாய் சாப்பிட்டார். எழுந்தார். மறுபடியும் பச்சைக் கேட்டு. மூன்றாவது தடவை அத்தையே கேட்டுவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, குழம்பு அவ்வளவு ருசியாவா இருக்கு?"

நாலாவது தடவை கோமதிநாயகம் தட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். அத்தை வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"தட்டோட போயிட்டீங்களே" என்றார் டீச்சர்.

"பின்ன என்ன டீச்சர்? சோறு ஒரு எடம், குழம்பு ஒரு எடம்னா எவன் ஒவ்வொரு வாய்க்கும் நடந்துக்கிட்டு..."

பேச்சு பாதியில் நின்றது. அவருடைய ஆப் ஒவ்வோர் அண்டாவுக்கும் ஒரு தடவை நோட்டைப் புரட்டும். அமெரிக்காவிலிருந்து ஜெர்மனிக்குப் போய்ப் போய்ப் புரட்டும். கோமதிநாயகம் கழுவிய தட்டை இன்னொரு தடவை துடைத்தார்.

"மும்பையில ரெண்டும் ஒரே எடத்துல கெடைக்குமா டீச்சர்?"

"பாருங்க."

மும்பையில் கிடைத்தது. அதுவும் எப்படி, இலவசமாக. கோமதிநாயகத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கம் பக்கமாக ஏதோ நிபந்தனை வந்தது. எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன் என்று அழுத்திக்கொண்டே போனார்.

ஒரே ஒரு சங்கடம். கால் மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் ஆப் தூங்கிவிடும். அப்புறம் யாராவது வந்து தட்டினால் எழுந்து முகம் கழுவி வருவதற்கு ஒரு நிமிஷம் ஆகும். காசு வாங்காமல் வேலை பார்க்கிற ஆள் அப்படித்தான் இருப்பான் என்று கோமதிநாயகம் பொறுத்துக்கொண்டார். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார். வழியின் பெயர் ஆவுடையப்பன்.

ஆவுடையப்பன் அவருடைய மச்சினன். நாற்பத்தைந்து வயது. எத்தனையோ ஜாதகம் பார்த்தும் கல்யாணம் கூடிவரவில்லை. கடையில்தான் இருப்பான். ஒரு வேலையைச் சொன்னால் அதைச் செய்வான், கூடக் கொஞ்சமும் செய்வான்.

"மாப்ள, காலைல எட்டு மணிலருந்து ராத்திரி எட்டு வரைக்கும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இதைத் தொறந்து பாரு. தூங்க மட்டும் விட்டுராத."

"நீங்க கவலைய விடுங்க அத்தான்."

திங்கள் முதல் சனி வரை பகலில் ஆப் கண்ணை மூடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கோமதிநாயகம் மார்பை நிமிர்த்திக்கொண்டு வெள்ளத்துரை கடைக்குப் போனார். வெள்ளத்துரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆவணி ஐந்தாம் தேதியைத் தொட்டார். அண்டா இல்லை என்றது. பன்னிரண்டாம் தேதியைத் தொட்டார். இல்லை. பத்தொன்பது. இல்லை.

"என்ன நாயகம், இன்னும் பஞ்சாங்கமே வரல. அதுக்குள்ள ஆவணி அண்டா பூராவும் போயிட்டா?"

 கோமதிநாயகம் ஆப்பின் உள்ளே போய் யார் யார் வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்தார். ஆவணி மாசம் முப்பத்தொரு நாளும், பதினாலு கடை அண்டாவும், ஆவுடையப்பன் பெயரில் இருந்தது. மொத்தம் நானூற்று முப்பத்திரண்டு கல்யாணம். கடைசி நாளில் இரண்டு அண்டா மட்டும் பாக்கி.

"ஒன் மச்சினனுக்கு ஒருவழியா கூடி வந்துட்டுன்னு சொல்லு" என்றார் வெள்ளத்துரை.

கடைக்கு ஓடி வந்து கேட்டபோது ஆவுடையப்பன் செல்போனைக் கீழே வைக்காமலே விளக்கம் சொன்னான்.

"சும்மா தொறந்து பாத்தா அரைத் தூக்கத்துல கெடக்குமோன்னு ஒரு சந்தேகம் அத்தான். அதான் ஒவ்வொரு தடவையும் ஒரு வேலையும் குடுத்தேன். இன்னும் ரெண்டுதான். முடிச்சிருதேன்."

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் இதையெல்லாம் சிரிக்காமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

"ஒப்புக்கிடுதேன்னு அழுத்துனீங்களே அண்ணாச்சி, வாசிச்சீங்களா?"

"அதை யாரு டீச்சர் வாசிக்கா?"

"வாசிங்க. சத்தமா."

கோமதிநாயகம் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எழுந்து நின்று எழுத்துக்கூட்டி வாசித்தார். ஏழாவது நிபந்தனையில் குரல் இறங்கியது. இலவச டேட்டாபேஸ் முப்பதாம் நாள் அழிக்கப்படும். பிரதி வைக்கப்படமாட்டாது.

"முப்பதாம் நாளு நோட்டக் கிழிச்சிருவானா?"

"சொல்லிட்டுத்தான கிழிக்கான்."

"சித்திரைல சொல்லிவச்சா ஆவணி வரைக்கும் அது இருக்க வேண்டாமா டீச்சர்?"

"வேண்டாமா?"

கோமதிநாயகம் உட்கார்ந்துவிட்டார். சித்திரையில் அண்டாவுக்குச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கிற ஏதோ ஒரு தகப்பன் ஆவணியில் வந்து கேட்பான். இங்கே நோட்டே இருக்காது. கவிழ்த்த வாளியும் அதன் மேல் உட்கார்ந்திருந்த மனிதரும் அவர் கண்முன் வந்து போனார்கள். நிஜமாகவே பயந்துவிட்டார்.

பயந்த மனிதர் செலவுக்கு அஞ்சுவதில்லை. அடுத்த வாரம் அவர் இருப்பதிலேயே பெரிய இடமாகப் பிடித்துவிட்டார். ஒரே நேரத்தில் ஒரு லட்சம் பேர் வந்தாலும் தாங்கும் என்று விளம்பரம். மாசம் பதினோராயிரம். சங்கரன்கோவில் தாலுகாவில் ஒரு வருஷத்தில் நடக்கிற கல்யாணத்தை விரல் விட்டு எண்ணாவிட்டாலும் ஒரு நோட்டில் எழுதிவிடலாம். அதெல்லாம் அப்போது அவருக்கு நினைவில்லை.

"இனிமே எவனும் கொறை சொல்ல முடியாது டீச்சர். பெரிய எடமாப் புடிச்சிட்டேன். முதல் மாசம் இனாமாப் பாத்துக்கிடலாம், பெறகு கட்டுனாப் போதுமாம்."

"சந்தோஷம். டீ குடிப்போமா?"

"குடிப்போமே."

"ஒங்க கடையில பெரிய அண்டா எத்தனை பேருக்கு வடிக்கும்?"

"ஆயிரம் பேருக்குத் தாராளமா வடிக்கும்."

"அதைக் கொண்டாங்க. ரெண்டு டீ போடுங்க."

கோமதிநாயகம் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. கோமதிநாயகமும் நிறுத்திக்கொண்டார்.

ஆட்டோ பிடித்து, ஆவுடையப்பனை ஒரு பக்கம் தூக்கச் சொல்லி, அண்டா வந்து சேர்ந்தது. கூடவே கல்யாண அடுப்பும் சிலிண்டரும் வந்தன. டீச்சர் வீட்டுக் கொல்லையில் இறக்கி, அடுப்பைப் பற்றவைத்து, இரண்டு டம்ளர் தண்ணீரை ஊற்றினார்கள். அண்டாவின் அடியில் அது ஒரு பக்கமாக ஓடி ஒதுங்கியது. தேயிலை டப்பாவைத் திறப்பதற்குள் சுர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் தண்ணீரைக் காணோம்.

"இன்னும் ரெண்டு டம்ளர் விடவா?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

கோமதிநாயகத்துக்கு ஆத்திரம் வந்துவிட்டது. டீச்சர் முன்னால் அவர் குரல் உயர்ந்தது அன்று ஒரு நாள்தான்.

"ரெண்டு டீக்கு எவனாவது அண்டா ஏத்துவானா டீச்சர்? சின்னச் சட்டி ஒண்ணு வச்சா போதாதா?"

"கூட்டம் வந்திட்டுன்னா?"

"வந்தா அன்னைக்கு மட்டும் அண்டாவ எறக்குதது. இது ஒரு பெரிய வித்தையா? முப்பது வருசமா நான் பாக்குத தொழிலே அதுதான. வருசத்துல ஒரு நாளு கல்யாணம்ங்கறதுக்காக மத்த நாளுக்கும் சேத்து எந்தக் கிறுக்கனாவது அண்டாவுக்கு வாடகை..."

மறுபடியும் பேச்சு பாதியில் நின்றது.

ஆவுடையப்பன் டீச்சரைப் பார்த்தான். "அத்தான் ஏன் நட்டநடுவுல நின்னுட்டாரு?"

"அவருக்கு அப்படித்தான். சித்த நேரத்துல சரியாயிரும்."

கோமதிநாயகம் அடுப்பை அணைத்தார். வீட்டுக்குப் போய்ப் பெரிய இடத்தை வேண்டாம் என்று எழுதிப் போட்டார். ஆவுடையப்பன் பெயரில் இருந்த கல்யாணங்களை அழித்துவிட்டு, மும்பையிலேயே சின்னதாக ஓர் இடம் எடுத்தார். ஆளும் நோட்டும் ஒரே கூரையில். தூங்காது. நோட்டுக்குத் தினமும் ஒரு பிரதி எடுத்து வேறு ஊரில் வைத்துவிடுவார்கள். கூட்டம் வருகிற அன்று ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு நாளைக்கு மட்டும் பெரிசாகும். மாசம் அறுநூறு ரூபாய். நிபந்தனைகளை இந்தத் தடவை ஆவுடையப்பனை எதிரே உட்காரவைத்துச் சத்தமாக வாசித்தார்.

சித்திரை ஒன்று வந்தது. கோயிலில் பஞ்சாங்கம் வாசித்து முடித்தபோது மணி ஒன்பது. சங்கத்து அறையில் பதினாலு கடைக்காரர்களும் வேட்டி மொடமொடக்க உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளத்துரை மடியில் பழைய நோட்டு இருந்தது.

முதல் கால் மணி நேரம் மழை பெய்கிற மாதிரி கல்யாணங்கள் விழுந்தன. அப்புறம் வேகம் குறைந்தது. எல்லார் செல்போனிலும் சின்ன வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. வாசலில் நின்ற ஜனம் முனகியது.

வெள்ளத்துரை பேனா மூடியைத் திருகினார்.

கோமதிநாயகத்தின் முன்னால் பெரிதாக்குகிற பொத்தான் இருந்தது. பக்கத்தில் அன்றைக்கு ஒரு நாள் கூடுதல் வாடகையும் போட்டிருந்தது. முந்நூறு ரூபாய். விரல் அந்தரத்தில் நின்றது.

"ஒரு பத்து நிமிஷம் பாப்போம்" என்றார். "தானா சரியாயிரும்."

"அத்தான்" என்றான் ஆவுடையப்பன். "அண்டாவ எறக்கலாம்லா?"

கோமதிநாயகம் அழுத்தினார். எல்லாம் அணைந்து மறுபடி எழுந்து வர ஒரு நிமிஷம் ஆகும் என்று திரையில் வந்தது. அந்த ஒரு நிமிஷம் மற்ற பதின்மூன்று கடைக்காரர்களும் அவரையே பார்த்தார்கள். அவர் ஆணியில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வட்டம் நின்றது. மழை திரும்பப் பெய்தது.

மத்தியானத்துக்குள் இருநூற்றுச் சொச்சம் கல்யாணம். ஓர் அண்டா கூட இரண்டு பேருக்குப் போகவில்லை. வெள்ளத்துரை பேனா மூடியைத் திருப்பித் திருகிவிட்டு, "பரவால்ல நாயகம்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

ஆனால் கோமதிநாயகம் அதைக் காதில் வாங்கவில்லை. பதினொன்றரை மணி வாக்கில் திரையில் ஒரு வரி வந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்லையா, குருக்கள்பட்டி. இரண்டாவது மகள் கல்யாணம். ஆவணி பத்தொன்பது. பெரிய அண்டா ஒன்று. கடை, வெள்ளத்துரை.

கோமதிநாயகத்தின் கடையிலும் அதே தேதிக்கு அண்டா இருந்தது. செல்லையா அதைத் தாண்டிப் போய் வெள்ளத்துரை கடையைத் தொட்டிருந்தார். இந்த ஆப்பை எழுதியது யார் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. தெரியாமல்தான் கேட்டிருக்கிறார். இருந்தாலும் எட்டு வருஷம் கழித்துச் செல்லையா தன்னிடம் ஓர் அண்டா கேட்டுவிட்டார் என்றே கோமதிநாயகத்துக்குத் தோன்றியது. மனசு நிறைந்துபோனது. யாரிடமும் சொல்லவில்லை.

டீச்சரிடம் மட்டும் சொன்னார். அதற்கும் மூன்று வாரம் ஆனது. கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு மாடி ஏறினார். டீச்சர் சின்னச் சட்டியில் இரண்டு டீ போட்டுக் கொண்டுவந்தார். கோமதிநாயகம் சித்திரை ஒன்றாம் தேதிக் கதையைச் சொன்னார். முந்நூறு ரூபாய்ப் பொத்தானைச் சொன்னார். செல்லையாவின் வரியைச் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"பேசுனாரா?" என்று கேட்டார் டீச்சர்.

"எங்க பேச? முந்தாநாளு கூட பஸ் ஸ்டாண்டு பக்கம் பாத்தேன். சைக்கிளத் திருப்பிட்டாரு."

"ம்."

"போகட்டும் டீச்சர். அண்டா போய்ச் சேந்திரும். அது போதும் எனக்கு."

இரண்டு பேரும் டீ குடித்தார்கள். கோமதிநாயகம் சட்டைப் பையைத் தடவினார். நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். விரித்து மடியில் வைத்து நீவிவிட்டார். டீச்சருக்கு அந்தத் தாளைப் பார்த்ததுமே என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"இன்னொரு விசயம் டீச்சர்."

"சொல்லுங்க."

"சித்திரைக் கூட்டம் முடிஞ்சிட்டு. இனி ஆவணி வரைக்கும் எவன் வந்து பாக்கப் போறான்? சும்மாதான கெடக்கும். மாசம் அறுநூறு போகுது."

"ஆமா."

"அந்த இலவச எடம் இன்னும் அப்படியே இருக்கு. பேசாம அங்கேயே மாத்திருவோமான்னு பாக்கேன்."

"முப்பதாம் நாள் அழிச்சிருவானே."

"அதுக்கு வழி வச்சிருக்கேன்." கோமதிநாயகம் தாளில் விரலை வைத்தார். "இருபத்தொம்பதாம் நாளு ஆவுடையப்பன் நோட்ட அப்படியே காப்பி எடுத்துக்கிடுவான். முப்பதாம் நாளு அவன் அழிப்பான். முப்பத்தொண்ணாம் நாளு நாம புதுசா எடம் புடிச்சு திருப்பி ஏத்திருவோம். ஒண்ணும் பெரிய காரியம் இல்ல. இங்க எறக்கி, அங்க ஏத்துதது, அவ்வளவுதான். நாலு மாசத்துக்கு ரெண்டாயிரத்து நானூறு மிச்சம். மாத்திரலாமா டீச்சர்?"

டீச்சர் டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"மாத்துங்க."

கோமதிநாயகம் நம்பாமல் நிமிர்ந்தார். இரண்டு வருஷத்தில் டீச்சர் அவருக்கு நேராகச் சொன்ன முதல் பதில் அது.

"மாத்தட்டுமா? நெசமாவா?"

"தாராளமா மாத்துங்க அண்ணாச்சி. குருக்கள்பட்டிக்கு ஒரு எட்டு போயி, செல்லையா அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்துங்க."